சொறிக்குக் காரணம் யாது?



நாய்களுக்கு உண்டாகும் தோல்நோயைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வானொலியில் பேசுவதற்கு இதுவும் ஒரு பொருளா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு துன்பத்தின் காரணத்தைக் கண்டறிவது எங்ஙனம் என்பதை நூல்களில் படித்தேன்; பல்லாண்டுகள் வகுப்பில் சொல்லியும் கொடுத்தேன். ஆனால் அதை உள்ளபடி நான் கற்றுக்கொண்டது ஒரு நாயின் தோலிலிருந்துதான். காலங்கடந்து கற்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2007ஆம் ஆண்டு நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளியின் சத்துணவுக் கூடத்திற்குப் பின்புறம் ஒரு நாய்க்குட்டி வளர்ந்து வந்தது. ஐந்தாறு திங்கள் வயதிருக்கும். அதன் கண்களைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சினேன். அதைப் பிடித்துச் சென்று ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் விட்டுவிடுமாறு காவலரிடம் கூறினேன். அவரும் ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றார்.

அன்று மாலை ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்றாள்.

“ஐயா, அதற்கு என்ன நோய்?” என்று கேட்டாள்.

“சொறி” என்றேன்.

“சொறி எதனால் வந்தது, ஐயா?”

“வகுப்புக்குப் போ, அம்மா” என்றேன்.

போய்விட்டாள். அறிவியல் பாடம் நடத்தியவன் நான். கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னவன் நான். கேட்டவளைப் போகச் சொன்னதற்குக் காரணம் வேலை மிகுதியன்று. எனக்கு விடை தெரியாது, அவ்வளவே.

சொறி என்பது ஒரு காரணத்தின் பெயரன்று. காய்ச்சல், இருமல் என்பன போல அதுவும் ஓர் அறிகுறியின் பெயரே. காய்ச்சல் மலேரியாவாலும் வரும், டைபாய்டாலும் வரும், டெங்குவாலும் வரும். “இவனுக்கு என்ன நோய்?” என்று கேட்டால் “காய்ச்சல்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா? நாயின் தோல், மிகச் சில சொற்களே அறிந்த குழந்தையைப் போன்றது. எத்துன்பம் வந்தாலும் அது அரிக்கும், சிவக்கும், மயிர் உதிரும், செதில் படியும், தடித்துக் கறுக்கும். இந்த நான்கைந்து சொற்களைக் கொண்டே அது பத்துப் பதினைந்து வெவ்வேறு துன்பங்களைச் சொல்லியாக வேண்டும். ஆதலின் அச்சொற்கள் எவ்விடத்தில் வருகின்றன, எவ்வரிசையில் வருகின்றன, எக்காலத்தில் வருகின்றன என்று பார்த்தே நாம் பொருள் கொள்ளுதல் வேண்டும்.

2016ஆம் ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். பின்னர் வீட்டில் ஒரு நாட்டு நாயை வளர்த்தேன். செந்நிறம் ஆதலின் செவலை என்று பெயர். அதன் மூன்றாம் வயதில், 2021ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின், அது ஓயாமல் தன் முதுகைக் கடிக்கத் தொடங்கியது. இரவெல்லாம் சுவரில் உடம்பைத் தேய்க்கும் ஓசை கேட்கும். வாலின் அடிப்புறத்தில் மயிர் உதிர்ந்து புண்ணாயிற்று. பாதங்களையும் விடாமல் நக்கிற்று.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எதிர்வீட்டுப் பெரியவர், “கோழிக்கறி சூடு, அதை நிறுத்திவிடுங்கள்” என்றார். என் தங்கை, “வேப்பெண்ணெய் தடவுங்கள், அண்ணா” என்றாள். தெருமுனையில் வண்டி பழுது பார்க்கும் தம்பி, வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஒரு தகரக் குவளையில் கொண்டுவந்து, “இதைப் பூசுங்க சார், இரண்டே நாளில் சரியாகிவிடும்” என்றார். நல்ல வேளையாக அதை நான் பூசவில்லை. அக்கழிவு எண்ணெய் தோலைப் புண்படுத்தும்; நாய் தன் உடம்பை நக்குவதால் நஞ்சு வயிற்றுக்குள்ளும் செல்லும் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஆனால் மற்றவற்றை எல்லாம் செய்தேன். கோழிக்கறியை நிறுத்திவிட்டுப் பாலும் சோறும் கொடுத்தேன். வேப்பெண்ணெய் தடவினேன். கடையில் விற்ற ஒரு சோப்பை வாங்கித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தன. பத்து நாள் சற்றுக் குறைந்தது போலிருந்தது. பிறகு முன்னிலும் மிகுதியாயிற்று. குறைந்தது எதனால்? மிகுந்தது எதனால்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீங்கள் தாவரவியல் வகுப்பில் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். செடி மாவுப்பொருள் செய்ய ஒளி வேண்டுமா என்று அறிய விரும்பினால், ஒரு தொட்டியை இருட்டிலும் மற்றொன்றை வெயிலிலும் வைக்கிறோம். மண், நீர், செடி ஆகியவை இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால்தான் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியும். ஒரு மாணவன் மண்ணையும் நீரையும் ஒளியையும் ஒருங்கே மாற்றிவிட்டு என்னிடம் வந்திருந்தால், அவனுக்கு நான் ஒரு மதிப்பெண்ணும் கொடுத்திருக்க மாட்டேன். என் வீட்டுத் திண்ணையில் நானே அதைச் செய்தேன்.

பிறகு அரசு கால்நடை மருந்தகத்திற்குச் செவலையை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் இளம் வயதினர். அவர் உடனே ஊசியை எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார். கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

“ஐயா, முதலில் அரிப்பு வந்ததா, மயிர் உதிர்ந்ததா?”

எனக்குத் தெரியவில்லை. இது சிறிய கேள்விபோல் தோன்றும். ஆனால் பாதை இரண்டாகப் பிரியும் இடம் இதுதான். அரிப்பு முதலில் வந்தால், கடித்தும் சொறிந்தும் நாய் தானே மயிரைப் போக்கிக்கொண்டது என்று பொருள். அப்போது பூச்சியையும் ஒவ்வாமையையும் தேட வேண்டும். அரிப்பே இல்லாமல் மயிர் தானாக உதிர்ந்தால், மயிர்க்காலுக்குள்ளோ உடம்பினுள்ளோ காரணம் இருக்கலாம். நடுவயதைக் கடந்த நாய்க்கு இருபுறமும் ஒத்தபடி மயிர் உதிர்ந்து, உடல் பருத்து, சோம்பலும் கண்டால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பர். ஓயாமல் நீர் குடித்து, வயிறு தொங்கி, தோல் மெலிந்தால் சிறுநீரகத்தின் அருகிலுள்ள அட்ரீனல் சுரப்பியை ஐயுறுவர். தோலில் தெரியும் நோய் எல்லாம் தோலில் பிறந்தது அன்று.

அடுத்து வயதைக் கேட்டார். ஓராண்டு நிரம்பாத குட்டிக்குச் சிற்றுண்ணிகளும் படர்தாமரையும் வருதல் மிகுதி. ஆறு திங்களுக்கும் மூன்றாண்டுக்கும் இடையே தொடங்கும் அரிப்பாயின், தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமையையும் நினைக்க வேண்டும். ஆண்டு முழுதும் அரிக்கிறதா, குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமா? வீட்டில் வேறு விலங்கு உண்டா? வீட்டிலுள்ள மனிதர்க்கும் அரிக்கிறதா? என்ன உண்கிறது? இதுவரை என்னென்ன பூசினீர்கள்? இக்கேள்விகளுக்கு விடை சொல்லும்போதுதான், மூன்றாண்டுகள் என் காலடியில் கிடந்த விலங்கை நான் எவ்வளவு குறைவாகக் கவனித்திருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு நாயின் உருவத்தைத் தாளில் வரைந்து, அரிக்கும் இடங்களைக் கோடிட்டார். நிலநூலுக்கு வரைபடம் எத்தகையதோ, தோல் மருத்துவத்திற்கு இப்படம் அத்தகையது. வாலின் அடியிலும், இடுப்பின் பின்புறத்திலும், தொடைகளிலும் அரிப்பு மிகுந்தால் தெள்ளுப்பூச்சியை முதலில் ஐயுற வேண்டும். காதுகளின் ஓரம், முன்னங்கால் முட்டி, பின்னங்கால் குதி, வயிறு ஆகிய இடங்களில் கடுமையாக அரித்துப் பொருக்குத் தட்டினால் சொறிச் சிற்றுண்ணி இருக்கலாம். பாதம், முகம், காதின் உட்புறம், அக்குள், வயிறு ஆகியன அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றே சொல்கிறேன். வரைபடம் வழியைக் காட்டும். ஊரை நாம்தான் சென்று காண வேண்டும்.

“தெள்ளுப்பூச்சி இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை அம்மா, நான் நன்றாகப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை” என்றேன், உறுதியாக.

அவர் ஒரு வெள்ளைத் தாளை நீரில் நனைத்து மேசையில் விரித்தார். செவலையின் முதுகைப் பேன்சீப்பால் வாரி, சீப்பில் வந்த கரிய துகள்களை அத்தாளில் தட்டினார். சாதாரண மண்ணாக இருந்தால் அது கறுப்பாகவே கிடந்திருக்கும். அத்துகள்களோ மெல்ல மெல்லச் செம்பழுப்பாகக் கசிந்து பரவின. தெள்ளுப்பூச்சி நாயின் இரத்தத்தைக் குடித்து வெளியேற்றிய கழிவே அது. பூச்சியை நான் காணாததற்குக் காரணம், செவலை கடித்தும் நக்கியும் அதை விழுங்கிவிட்டமைதான். கள்ளன் ஓடிவிட்டாலும் காலடித் தடம் கிடந்தது. இச்சோதனைக்குத் தேவையானவை ஒரு சீப்பும், ஒரு தாளும், சிறிது நீரும் மட்டுமே. உங்கள் வீட்டு நாய்க்கு நீங்களே இதைச் செய்து பார்க்கலாம்.

தெள்ளின் உமிழ்நீர் சில நாய்களுக்கு ஒவ்வாது. அத்தகைய நாய்க்குச் சில கடிகளே போதும், உடம்பெல்லாம் அரிக்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதிர்ந்த பூச்சிதான் நாயின்மேல் வாழ்கிறது. அது இடும் முட்டைகள் நாய் படுக்கும் இடத்தில் உதிர்கின்றன. அங்கே புழுவாகிக் கூட்டுப்புழுவாகி, விரிசல்களிலும் சாக்குகளிலும் தங்கிவிடுகின்றன. கூட்டுப்புழு வாரக்கணக்கில், சில வேளை திங்கள்கணக்கில், காத்திருக்க வல்லது. ஆதலின் நாய்க்கு மட்டும் மருந்திட்டால் போதாது. என் வீட்டுக் கொல்லையில் செவலையின் சாக்கில் பக்கத்து வீட்டுப் பூனையும் பகலில் வந்து உறங்குவதை அதுவரை நான் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை.

தெள்ளு இருக்கிறது என்று கண்டதும் மருத்துவர் நின்றுவிடவில்லை. ஒரு காரணம் இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்பது இல்லையே! மழுங்கிய கத்தியில் ஒரு துளி எண்ணெயைத் தொட்டு, புண்ணின் ஓரத்தில் தோலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பார்த்தபின் என்னையும் பார்க்கச் சொன்னார். அவர் தேடியவை இரண்டு உயிர்கள். இரண்டும் சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவினமான சிற்றுண்ணிகள். ஆனால் இயல்பில் வேறுபட்டவை.

ஒன்று சார்காப்டிஸ். பெண்ணுயிர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலின் மேலடுக்கைக் குடைந்து, அச்சுரங்கத்துள் முட்டையிடும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். நாயிலிருந்து நாய்க்கு விரைந்து பரவும். மனிதர்க்கும் ஒட்டிச் சில நாள் அரிக்கும். நாயைக் குணப்படுத்தினால் பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். மற்றொன்று டெமோடெக்ஸ். நீண்ட உடலுடையது; மயிர்க்காலுக்குள் வாழ்வது. குட்டி பிறந்த முதற்சில நாட்களில் தாயின் உடம்பிலிருந்து வந்து சேர்கிறது. நலமாக உள்ள நாயின் தோலிலும் சிறு தொகையில் இருக்கும். உடம்பின் எதிர்ப்பாற்றல் குறையும்போதுதான் அளவின்றிப் பெருகி மயிரை உதிர்க்கும். இது மனிதர்க்கு ஒட்டாது. குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் சிறு திட்டுகளாக வரும். அவற்றுள் பெரும்பாலானவை தாமே ஆறிவிடும்.

நண்பர்களே, மருத்துவர் இதைச் சொன்னபோது நான் சற்று நேரம் பேசவில்லை. கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும். அவர் சொன்ன வரிசையிலேயே ஒரு கோணிப்பையும் ஏரிக்கரையும் என் நினைவுக்கு வந்தன.

செவலையின் தோலில் இவ்விரண்டும் அகப்படவில்லை. “அப்படியானால் இல்லை என்று கொள்ளலாமா?” என்று கேட்டேன். “டெமோடெக்ஸ் ஆழமாகச் சுரண்டினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும், ஐயா. சார்காப்டிஸ் அப்படியன்று. இருந்தும் அகப்படாமல் போகும்” என்றார். காணவில்லை என்பது வேறு; இல்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது அறிவியல் மாணவனுக்கு இன்றியமையாதது.

இந்தச் சார்காப்டிஸுக்கு ஒரு வரலாறு உண்டு. மனிதரின் சிரங்கையும் இவ்வினமே உண்டாக்குகிறது. பண்டைய ஐரோப்பிய மருத்துவர் பலர், உடம்பினுள் நீர்கள் கெட்டுப்போவதால் சிரங்கு வருகிறது என்று நம்பினர். 1687ஆம் ஆண்டு இத்தாலியில் பொனோமோ என்ற மருத்துவர், செஸ்டோனி என்ற மருந்தாளருடன் சேர்ந்து, சிரங்குப் புண்ணிலிருந்து ஊசியால் எடுத்த நுண்ணுயிரை நுண்ணோக்கியில் கண்டார். அதைப் படம் வரைந்து, ரெடி என்னும் அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் ஒரு நோய்க்குக் காரணம் என்று காட்டிய முதற்சான்றுகளுள் அது ஒன்று. எனினும் உலகம் அதை ஏற்கவில்லை. 1834ஆம் ஆண்டு பாரிசில் ரெனூச்சி என்ற மாணவர், செயின்ட் லூயி மருத்துவமனையில், பேராசிரியர் முன்னிலையில் அச்சிற்றுண்ணியை ஊசிமுனையில் எடுத்துக் காட்டினார். அதன் பிறகே ஐயம் நீங்கியது. அவருக்கு அக்கலை எங்கிருந்து கிடைத்தது? அவர் கார்சிகா தீவைச் சேர்ந்தவர். அத்தீவின் ஏழைப் பெண்கள் தம் மக்களின் சிரங்கிலிருந்து அதை ஊசியால் எடுப்பதைப் பார்த்துப் பழகியவர். 147 ஆண்டுகள் அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்ததை, உற்றுப் பார்த்த தாய்மார் அறிந்திருந்தனர். அவர்களைக் கவனித்த ஒரு மாணவர் உலகறியச் செய்தார்.

நம் செவலைக்கு வருவோம். மருத்துவர் அடுத்து ஒளியும் பசையுமுள்ள ஒரு நாடாத்துண்டைப் புண்ணின்மேல் ஒட்டி எடுத்து, சாயமிட்டுப் பார்த்தார். அதில் உருண்டை வடிவப் பாக்டீரியாக்கள் மிகுதியாக இருந்தன. “ஆகா, இவைதாம் காரணம்” என்று நான் எண்ணினேன். அவர் தலையசைத்தார். இப்பாக்டீரியாக்கள் நலமான நாயின் தோலிலும் வாழ்பவை. தோல் புண்பட்டபின் புகுந்து பெருகுகின்றன. பிசுபிசுப்பையும் கெட்ட நாற்றத்தையும் உண்டாக்கும் மலசீசியா என்ற ஈஸ்டும் அத்தகையதே. இவற்றைத் தீர்க்கவே வேண்டும்; ஆனால் இவற்றை மட்டும் தீர்த்தால் நோய் மீண்டும் வரும். வேலி முறிந்த தோட்டத்தில் மாடு மேய்கிறது. மாட்டை ஓட்டுவது சரி. வேலியை முறித்தது யார் என்று கேட்பதன்றோ மிகச் சரி?

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை என்று நம்மவர் கொள்வர். அதுவும் பிழை. பாக்டீரியாப் புண்ணும் வட்டமாகவே விரிந்து, ஓரத்தில் செதில் உரியும். படர்தாமரை என்பது பூஞ்சையால் வருவது, மனிதர்க்கும் ஒட்டுவது. அதைக் காண ஒரு விளக்கு உண்டு. 1903ஆம் ஆண்டு இராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர், புற ஊதாக்கதிரை மட்டும் பெரிதும் விடுக்கும் ஒரு கண்ணாடியை உருவாக்கினார். அவ்வொளியில், நாய் பூனைகளைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சை படிந்த மயிர் ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிரும். எல்லாப் பூஞ்சையும் ஒளிர்வதில்லை. ஆதலின் இங்கும் ஒளிரவில்லை என்பது இல்லை என்பதாகாது. மயிரை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மருத்துவம் தொடங்கியது. பாக்டீரியாவுக்கு மருந்து, தெள்ளுக்கு மருந்து, பூனைக்கும் அதற்குரிய மருந்து, சாக்கை எரித்துவிட்டுத் துவைக்கத்தக்க துணி, தரையை வாரந்தோறும் கழுவுதல். “மூன்று திங்கள் விடாமல் செய்யுங்கள், ஐயா” என்றார். நான் ஒன்று கேட்டேன். “அரிப்பை உடனே நிறுத்தும் ஊசி உண்டாமே?” அவர் சொன்ன விடையை அப்படியே சொல்கிறேன்: “உண்டு ஐயா. எந்தக் காரணத்தால் வந்த அரிப்பையும் அது அடக்கும். அதனால்தான் இப்போது போடவில்லை. போட்டால் எது குறைத்தது என்று நமக்குத் தெரியாமல் போகும். டெமோடெக்ஸ் போன்ற நோய் இருந்தால் அது மிகவும் ஆகிவிடும்.” கடையில் நாமே மருந்து வாங்குவதும் ஆபத்து. ஐவர்மெக்டின் என்னும் பூச்சி மருந்து, காலி முதலிய சில இன நாய்களின் மூளையைத் தாக்கும். அவ்வினங்களில் ஒரு மரபணு பழுதுற்றிருப்பதே காரணம் என்று 2001ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

இரண்டு திங்களில் முதுகு ஆறிற்று. வாலடியில் புதுமயிர் முளைத்தது. ஆனால் பாதம் நக்குவது நிற்கவில்லை. பாதி விடைக்கு முழு மதிப்பெண் போடும் வழக்கம் எனக்கு இல்லை. மீண்டும் மருத்துவரிடம் சென்றேன்.

“இனி உணவைச் சோதிக்கலாம்” என்றார். நாய்களின் உணவு ஒவ்வாமை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவையே முன்வரிசையில் நின்றன. ஆனால் உங்கள் நாய்க்கு எது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அதை அறிய ஒரே வழி உண்டு. அந்நாய் இதுவரை உண்டறியாத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். செவலைக்கு ஆட்டிறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் என்று முடிவு செய்தோம். ஒரு வாய் வேறு உணவும் கூடாது. ஐந்தாம் வாரம் என் பேரன் இரக்கப்பட்டு ஒரு பிஸ்கோத்துக் கொடுத்துவிட்டான். நாள்களை மீண்டும் முதலிலிருந்து எண்ணினோம். அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சோதனை எதற்கு என்பதை அவனுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னபின், கிழமைதோறும் எத்தனை முறை நக்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதியவன் அவனே.

எட்டாம் வாரத்தில் நக்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது. வென்றோம் என்று நான் எண்ணினேன். மருத்துவரோ, “இன்னும் மெய்ப்பிக்கவில்லை, ஐயா. பருவம் மாறியதாலும் குறைந்திருக்கலாம். பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள்” என்றார். குணமான நாய்க்கு நோயை மீண்டும் வரவழைப்பதா என்று மனம் தயங்கிற்று. ஆனால் வேறு வழியில்லை. முதலில் இரண்டு வாரம் அரிசிச்சோறு சேர்த்தோம், மாறுதல் இல்லை. அடுத்த இரண்டு வாரம் கோழி, மாறுதல் இல்லை. பிறகு பால். ஐந்தாம் நாள் காலையில் பேரன் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். செவலை பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. பாலை நிறுத்தினோம், சில நாளில் நின்றது.

எண்ணிப் பாருங்கள். ஊரார் பழித்த கோழி குற்றமற்றது. அதற்கு மாற்றாக அன்போடு நான் ஊற்றிய பாலே குற்றவாளி. எதிர்வீட்டுப் பெரியவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். நானும் நல்ல மனத்தோடுதான் செய்தேன். நல்ல மனம் மட்டும் சான்றாகிவிடாது.

உணவை மாற்றியும் அரிப்பு நீங்கவில்லை எனில் என்ன செய்வது? பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, உணவு காரணமில்லை என்று ஒவ்வொன்றாக விலக்கியபின்தான், தூசியாலும் மகரந்தத்தாலும் வரும் ஒவ்வாமை என்று முடிவு செய்வர். அதை ஒரே சோதனையில் மெய்ப்பிக்கும் கருவி இல்லை. இரத்தச் சோதனையும் தோற்சோதனையும், அம்முடிவுக்கு வந்தபின், எப்பொருளைக் கொண்டு ஒவ்வாமையைத் தணிக்கும் ஊசி செய்வது என்று தேர்ந்தெடுக்கவே பயன்படுகின்றன.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயை அறிவதற்கும் அதைத் தீர்ப்பதற்கும் நடுவே, அதன் மூலத்தை அறிதல் என்னும் படியை வைத்தார். அக்குறளை நான் எத்தனையோ முறை ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். நடுப்படியைத் தாண்டிக் குதிப்பதே நம் வழக்கம். நாய்க்கு மட்டுமா? படிக்காத மாணவனைச் “சோம்பேறி” என்கிறோம். அதுவும் சொறி என்பது போன்ற சொல்லே. அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லையா, காலையில் உண்ணவில்லையா, இரவு கடையில் வேலை செய்கிறானா என்று கேட்டபின் அன்றோ பேச வேண்டும்!

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ மயிர் உதிர்ந்த நாயைக் கண்டால், கல்லை எடுக்காதீர்கள். எண்ணெய்க் குவளையையும் எடுக்காதீர்கள். அறியாத நாயைத் தொடவும் வேண்டா. தள்ளி நின்று பாருங்கள். எங்கே உதிர்ந்திருக்கிறது, சொறிகிறதா, எத்தனை நாளாக என்று எழுதிக்கொண்டு, பெரியவர் ஒருவருடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் சென்று சொல்லுங்கள். அந்தக் குறிப்பு ஒன்றே மருத்துவருக்குப் பேருதவியாகும்.

2007ஆம் ஆண்டின் அக்குட்டிக்கு வந்தது டெமோடெக்ஸ்தானா? தானே ஆறக்கூடிய, பிள்ளைகளுக்கு ஒட்டாத நோய்தானா? என்னால் சொல்ல இயலாது. சுரண்டிப் பார்க்காமல் எவராலும் சொல்ல இயலாது. நான் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லவும் இல்லை. என் வாயிலில் நின்று கேட்ட அம்மாணவிக்கு இப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “எனக்குத் தெரியாது, அம்மா. வா, கண்டுபிடிப்போம்.”